தூங்குறதுக்குமா சம்பளம்?

"தூங்குறதுக்குமா சம்பளம் கேக்குறே?"

இறால் பிடிப்பு முடிஞ்சு, ஐஸ் கொட்டி லாரி ஏத்தி அனுப்பின அன்னைக்கு முதலாளி என்கிட்ட கேட்டது இது. நாலு பேர் முன்னாடி. சிரிச்சுக்கிட்டே. அந்தச் சிரிப்புதான் இன்னும் ஆற மாட்டேங்குது.

முதலாளி, நான் எங்கே தூங்கினேன்?

மீமிசல் பக்கத்துல இறால் பண்ணை வேலை எனக்கு. பகல்ல தீவனம் வீசுறது, செக் ட்ரே தூக்கிப் பார்க்கிறது, தண்ணி விடுறது. அதுக்கு மாசச் சம்பளம் உண்டு, அதுல எனக்கு வழக்கு இல்லை. ராத்திரியைத்தான் கேக்குறேன். வன்னாமை இறாலை நெருக்கமா விட்ட குளத்துல, தண்ணியில காத்தைக் கலக்குற ஏரேட்டர் நிக்கவே கூடாது. பொழுது சாஞ்சா தண்ணியில இருக்கிற பாசியும் ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பிச்சுடும். விடியிறதுக்கு முன்னாடிதான் ரொம்ப மோசம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனா இறால் மேல வந்து தத்தளிக்கும். ஜெனரேட்டர் போடலையா, மறுநாள் செத்ததை அள்ளிக் குழியில கொட்ட வேண்டியதுதான். அதுக்காக, கரண்ட்ல பேஸ் போன உடனே என் போனுக்கு அடிக்கிற மிஷின் ஒண்ணை மாட்டினாங்க. சோத்துல கை வெச்சிருந்தாலும் ஓடணும். காய்ச்சல்ல கிடந்தாலும் ஓடணும். ஊரைத் தாண்டக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் ராத்தங்கக் கூடாது. இதுக்குப் பேரு தூக்கமா?

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ எங்க மாவட்டத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்லை. என் வீட்டு ஓடு பறந்து கிடந்துச்சு, பொண்டாட்டி பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தாங்க, நான் உங்க ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்திக்கிட்டு நின்னேன். எங்கப்பா அறந்தாங்கி ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறிக் கிடந்தப்போ, "நீ போயிட்டா மணி அடிச்சா யாரு வருவா?"ன்னு கேட்டீங்க. நான் போகலை. அவர் போயிட்டார். அந்த ராத்திரிக்கு என்ன விலை போட்டீங்க முதலாளி?

இதையும் பொறுத்திருப்பேன். ஒரு தடவை டவர் இல்லாம போன் அடிக்கலை. ஒரு குளம் மொத்தமும் போச்சு. அடுத்த மாசச் சம்பளத்துல பிடிச்சீங்களே! காசு கொடுக்கணும்னா ராத்திரி என் வேலை இல்லை, காசு பிடிக்கணும்னா மட்டும் என் வேலையா? எந்த ஊர் நியாயம் இது?

சட்டம் இல்லாத நாடா இது? 1996 டிசம்பர் 11-ஆம் தேதி, காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை மூடச் சொன்னப்போ, ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளிக்கு நஷ்டஈட்டோட ஆறு வருஷச் சம்பளமும் கொடுக்கணும்னு எழுதுச்சு. பண்ணைக்காரன் கண்ணுக்குத் தெரியாத எங்களை அந்த நீதிபதிங்க கண்ணு பார்த்துச்சு. அப்புறம் 2005-ல பண்ணைங்களுக்குன்னே ஒரு சட்டம், ஒரு ஆணையம். பதிவுக்கு விதி, கழிவுத் தண்ணிக்கு விதி, இறாலுக்குப் போடுற மருந்துக்கு விதி. ராத்திரி ஓடி வர்றவனுக்கு? வழக்கமான நேரத்துக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு மடங்குக்குக் குறையாம கொடுக்கணும்னு 2019-ல போட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுதே, அது மீமிசல் வரைக்கும் வராதா?

என் மக படிச்சுச் சொன்னா. பெல்ஜியத்துல ஒரு தீயணைப்புக்காரர். கூப்பிட்டா 8 நிமிஷத்துல வந்து நிக்கணும்னு வீட்டுலயே காத்திருக்க வெச்சாங்களாம். அந்தக் காத்திருப்பும் வேலை நேரம்தான்னு 2018-ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் போனதும் கட்டில்லேர்ந்து எழுந்துதானே? நெருப்புன்னா வேலை, தண்ணின்னா தூக்கமா?

நான் தர்மம் கேக்கலை. மிஷின் கூப்பிட்ட ஒவ்வொரு கூப்பாடும் தேதி, நேரத்தோட என் போன்ல கிடக்கு. ஒண்ணையும் அழிக்கலை. உங்க டீசல் நோட்டுலயும் அதே தேதி, அதே நேரம், உங்க மேனேஜர் கையெழுத்துலயே இருக்கு. அந்த டீசலுக்குக் காசு கொடுத்தீங்கல்ல? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க உக்காருறீங்களா, இல்லே புதுக்கோட்டை தொழிலாளர் ஆபீஸ்ல வெச்சுப் பார்ப்போமா?