தனித்து நிற்பவருக்கு எது ஊர்?

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த குடும்பத்தினர் சிலர், "உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எங்கே குடியிருப்பது என்பதைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். முப்பதுகளில் இருக்கும் நாம் முதுமையைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கமாகத் தோன்றலாம். ஆயினும், இரயில்வேயில் ஓய்வு பெறுவோரின் கோப்புகளை எழுதுவதே நம் உத்தியோகம். மாதந்தோறும் பலரை எதிரில் அமர்த்தி, "ஓய்வுக்குப்பின் எந்த முகவரி?" என்று கேட்டு எழுதுகிறோம். முப்பத்தைந்து ஆண்டுச் சேவைக் கணக்கைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் பெரியவர்களும் அந்த ஒரு கேள்விக்குப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதனாலேயே துணிந்து எழுதுகிறோம்.

நாகபுரியில் நம்மவர் குடியேறியது நேற்று நிகழ்ந்ததன்று. பம்பாயிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867-ஆம் ஆண்டில் இவ்வூரை வந்தடைந்தது. மத்திய மாகாணத்துக்கும், சுதந்திரத்திற்குப்பின் 1956 வரை மத்தியப் பிரதேசத்துக்கும் இதுவே தலைநகராயிருந்தது. இரயில்வேயிலும், தபால் இலாகாவிலும், தணிக்கை அலுவலகத்திலும் கணக்கும் ஆங்கிலமும் அறிந்தவர்க்கு வேலை இருந்தது, நம்மவர் வந்தனர். இங்கேயே இருந்துவிடுவதென்ற எண்ணத்தோடு வந்தவர் சிலரே. "இன்னும் ஐந்தாண்டு" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டனர். ஊருக்குப் போனபின் புழங்கலாம் என்று பித்தளைப் பாத்திரங்களைப் பரண்மேல் கட்டியபடியே வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நம் காலனியில் உண்டு.

முற்காலத்தில் பென்ஷன் பெறும் இடத்தை ஒட்டியே ஜாகை அமைந்தது. இன்று அந்தக் கட்டு இல்லை. பென்ஷன் கணக்கை விரும்பிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நவம்பரில் தரவேண்டிய உயிர்ச்சான்றை, 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் முறைப்படி கைரேகை வைத்து எவ்வூரிலிருந்தும் அனுப்பலாம். 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் அனுப்பலாம். ஆகவே பணம் நம்மை ஓரிடத்தில் கட்டிப்போடுவதில்லை. கட்டிப்போடுபவை வேறு.

முதலாவது, அவசரம். ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்சை வழக்கமான வாடகையில் 4 மாதமும், அனுமதி பெற்று இரட்டிப்பு வாடகையில் மேலும் 4 மாதமும் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் இருந்தால் அபராத வாடகை ஏறும். பணிக்கொடையிலும் நிறுத்திவைப்பு உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தள்ளிவந்த முடிவை எட்டு மாதத்தில் எடுக்க நேர்கிறது. அவ்வாறு எடுத்த முடிவு பெரும்பாலும் கையில் வந்த மொத்தத் தொகையைச் செங்கல்லாக்கும் முடிவாகவே இருக்கிறது.

இரண்டாவது, வைத்தியம். ஓய்வுபெற்ற இரயில்வேக்காரர், ஒரு தொகையை ஒரே தடவையில் செலுத்தி, 1997-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டத்தில் சேர்ந்து, ஆயுள் முழுவதும் இரயில்வே ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் பெரம்பூர், பொன்மலை, மதுரை ஆகிய இடங்களில் அத்தகைய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நம் பூர்வீகக் கிராமம் அவற்றிலிருந்து எத்தனை தொலைவு என்பதை வீடு கட்டுமுன் கணக்கிட்டவரை நாம் அதிகம் கண்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு அப்பால் தொலைவில் இருப்போர்க்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி உண்டு என்பது மெய்தான். ஆனால் நள்ளிரவில் மார்வலி கண்டவரைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதற்கு அந்த ஆயிரம் ரூபாய்க்குக் கைகால் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. அதை நமக்கு உணர்த்தியவர் ஓர் அம்மையார். தஞ்சைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம் மனைவியுடன் படிவங்களில் கையொப்பமிட வந்திருந்தார். கிராமத்தில் தகப்பனார் விட்டுப்போன மனையில் வீடு கட்டுவதென்று முடிவு செய்து, பிளானும் போட்டாயிற்று என்றார். அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு அது பிறந்த ஊர். எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர். கலியாணமானதும் ஆறு மாதம் இருந்தேன். அப்புறம் முப்பத்திரண்டு வருஷமாய் விருந்தாளியாகத்தானே போய் வருகிறேன்? அங்கே எனக்கு யாரைத் தெரியும்?"

"நான் இருக்கிறேனே" என்றார் பெரியவர்.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பொருளை அவருக்கு முன் நாம் புரிந்துகொண்டோம். ஏனெனில் நம் கையிலிருந்தது குடும்பப் பென்ஷன் படிவம். ஓய்வு பெற்றவர் மறைந்தால், அவருக்கு 67 வயது நிறையக்கூடிய நாள் வரை கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடும், அதன்பின் 30 விழுக்காடும், பஞ்சப்படியுடன் மனைவிக்குக் கிடைக்கும் என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். சர்க்காரே எண்ணி வைத்திருக்கும் அந்த நாளை வீட்டில் எவரும் எண்ணுவதில்லை. நம் குடும்பங்களில் கணவர் வயதில் மூத்தவர்; பெண்களின் ஆயுளோ சராசரியில் நீண்டது. ஆதலால் முதுமையின் கடைசிப் பகுதியைத் தனியே கழிக்கப்போகிறவர் பெரும்பாலும் மனைவியே. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, "நாம் இருவரும் எங்கே சுகமாக இருப்போம்?" என்று கேட்டால் போதாது. "நம்மில் ஒருவர் மட்டும் எஞ்சும்போது அவர் எங்கே அச்சமின்றி இருப்பார்?" என்று கேட்க வேண்டும். அமங்கலம் என்று இப்பேச்சைத் தவிர்ப்பவர், அதன் சுமையைத் தனித்து நிற்பவர் தலையில் ஏற்றிவிடுகிறார்.

அந்தத் தம்பதியர் என்ன செய்தனர் என்றும் சொல்லிவிடுகிறோம். வீட்டு வேலையைத் தொடங்காமல், கிராமத்தில் மூன்று மாதம் தங்கிப் பார்த்தனர். பிறகு அம்மையாரின் தமக்கை குடியிருக்கும் கும்பகோணத்தில், அதே தெருவில், சிறிய வீடொன்றை அமர்த்திக்கொண்டனர். பெரியவர் தம் கிராமத்துக்குப் பேருந்தில் போய் வருகிறார்.

இதனால் நாகபுரியிலேயே தங்கிவிடுவதுதான் தவறென்றோ சரியென்றோ கொள்ளலாகாது. அஜ்னிப் பக்கத்தில் கணவரை இழந்த ஓர் அம்மையார் தனியே இருக்கிறார். மகன் பெங்களூருக்கு அழைத்தும் போகவில்லை. காலை ஏழு மணிக்குள் இவர் வாசலில் கோலம் காணாவிட்டால், எதிர்வீட்டு மராத்தியப் பெண்மணி வந்து கதவைத் தட்டுகிறார். இவர் பேசும் மராத்தியில் பிழை மலிந்திருக்கிறது. இருவருமே அதைப் பொருட்படுத்துவதில்லை. இவருக்கு இதுவே ஊர். மே மாதத்தில் 45 பாகை வெயில் கொளுத்தினாலும் இதுவே ஊர். அதே சமயம், முப்பதாண்டு இங்கே வாழ்ந்தும் கடைத்தெரு இந்திக்குமேல் ஒரு மொழி பேச அறியாமல், வங்கியின் வாசலை மிதித்தறியாமல், கணவர் போனபின் திகைத்து நின்றவர்களையும் நாம் அறிவோம். ஆண்டுகளை எண்ணுவதால் ஓர் இடம் ஊராகிவிடாது. சொல்லி அனுப்பாமல் ஏறிச் செல்லக்கூடிய வீடு அங்கே இரண்டாவது இருக்கவேண்டும்.

ஆகவே ஐம்பத்தைந்து வயதைத் தொட்ட அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தரசியருக்கும் சில யோசனைகளைக் கூறுகிறோம்.

சேர்ந்திருக்கும் விடுப்பில் 300 நாள் வரை ஓய்வின்போது பணமாகும் என்பதற்காக ஒரு நாளையும் செலவழிக்காமல் காப்பவர் பலர். அதில் அறுபது நாளை எடுத்து, போக நினைக்கும் ஊரில் குடியிருந்து பாருங்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போகாதீர்கள். அப்பொழுது எல்லா ஊரும் இனிக்கும். உறவினர் அவரவர் வேலையைப் பார்க்கும் மழைக்காலத்தில் போங்கள்.

பென்ஷனில் 40 விழுக்காடு வரை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு குறைந்த பென்ஷன் 15 ஆண்டு கழித்தே மீளும். அந்தத் தொகை முழுவதையும் ஒரே சுவரில் பூசிவிடலாகாது. 2004 ஜனவரிக்குப்பின் சேர்ந்து புதிய பென்ஷன் திட்டத்தில் இருக்கும் நம்மைப் போன்றோர்க்கு மொத்தத் தொகையில் ஆசை இன்னும் மிகும், எச்சரிக்கையும் மிகவேண்டும்.

பென்ஷன் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டுக் கணக்காக வையுங்கள். பின்னால் குடும்பப் பென்ஷனுக்காக அவர் புதுக் கணக்குத் திறக்க அலையவேண்டியதில்லை. மாதம் ஒரு முறையேனும் அம்மையாரே வங்கிக்குச் சென்று வரட்டும். பென்ஷன் உத்தரவு, மருத்துவ அட்டை, வீட்டுப் பத்திரம் ஆகியவை எந்தப் பெட்டியில் உள்ளன என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிறோம், நல்லதே. தனியே இருக்கும் முதியவர் யார் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று ஒரு ஜாபிதா எழுதி, வாரம் ஒரு முறை ஒருவர் சென்று கதவைத் தட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மாதர் குழுவினர் மராத்தி பேசப் பழகும் வகுப்பொன்றை ஞாயிறு மாலையில் நடத்தலாம். கற்பிக்க நம் பிள்ளைகளே போதும். பள்ளியில் அவர்கள் அதைத்தானே படிக்கிறார்கள்?

இன்றிரவு சாப்பாட்டுக்குப்பின் இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, இல்லத்தரசியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எந்த ஊர் வேண்டும்?" அவர் உடனே விடை சொல்லாவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். முப்பதாண்டுகளாகக் கேட்கப்படாத கேள்விக்கு விடை ஓர் இரவில் வராது. நாளையும் கேளுங்கள்.