நாம் எந்தக் கொம்யூன்?



சென்ற திங்களில் முதிய தாயார் ஒருவர் கையில் ஒரு மனுவுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். கைம்பெண்களுக்குரிய உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றாராம். "உங்கள் வீடு எங்கள் எல்லையில் இல்லை" என்று அனுப்பிவிட்டனர். அவர்கள் காட்டிய மற்றோர் அலுவலகத்திலோ, "உங்கள் குடும்ப அட்டை பழைய முகவரியில் இருக்கிறது, அங்கேயே போய்க் கேளுங்கள்" என்றனர். நமது திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயர் தெளிவாக இருக்கிறது. அதன் நகலை வைத்துக்கொண்டு அவர் எந்த வாயிலில் நிற்பார்? அன்று மாலை நாம் அவருடன் அமர்ந்து, அவர் குடியிருக்கும் தெரு எந்தக் கொம்யூனைச் சேர்ந்தது என்று ஆராயத் தொடங்கினோம். இருபத்தைந்து ஆண்டுகளாக இம்மண்ணில் பணிபுரியும் நமக்கே விடை உடனே தெரியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

புதுச்சேரி என்றதும் கடற்கரையும் நேரான தெருக்களுமே நினைவுக்கு வரும். மாவட்டமோ ஒரே பாத்தியாய் அமைந்ததன்று. 12 துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. இடையிடையே விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊர்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் வடக்கே சென்றால் காலாப்பட்டு. அது மீண்டும் புதுச்சேரி. பேருந்தில் உறங்குகிறவருக்கு இரண்டு எல்லைகளைக் கடந்தது தெரியாது. சான்றிதழ் கேட்டு அலைகிறவருக்கு நன்றாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் பெற்றவற்றின் வரம்புகளே இன்றும் நம் வாசற்படிகளுக்கிடையே ஓடுகின்றன. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவை இன்னும் தொலைவு. மாஹே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் இருக்க, நால்வரும் ஒரே குடும்பம் என்கிறது சட்டம்.

கொம்யூன் என்னும் சொல் பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்றது. 1880இல் பிறந்த ஆணையால் அம்முறை இங்கே வந்தது. கொம்யூனுக்கு ஒரு மன்றம், அதற்கொரு மேயர். இன்று புதுச்சேரி மாவட்டத்தில் புதுச்சேரி, உழவர்கரை என இரு நகராட்சிகளும், அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. தாலுகாக்களோ நான்கே. ஆகவே கொம்யூன் வேறு, தாலுகா வேறு. பிறப்பும் இறப்பும் பதிவாவது நகராட்சியிலோ கொம்யூனிலோ. வருமானம், குடியிருப்பு ஆகியவற்றுக்கான சான்று தருவது தாலுகா அலுவலகம். இவ்வேறுபாடு தெரியாமல் வீணான நடைகள் எத்தனை!

மக்கள்தொகையைப் பாருங்கள். 1961இல் நான்கு பகுதிகளிலும் சேர்த்து 3,69,079 பேர். 2011இல் அது 12,47,953. இதில் புதுச்சேரி மாவட்டம் மட்டும் 9,50,289. சதுர கிலோமீட்டருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். கிறிஸ்தவர்கள் நான்கு பகுதிகளிலுமாக 78,550. நம்மைச் சிந்திக்க வைத்தது வேறோர் எண். புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர் இருக்க, உழவர்கரையில் 3,00,104 பேர்! பழைய நகரை அதன் புறநகரே மிஞ்சிவிட்டது. திருமண ஓலை வாசிக்கும்போது இதை நாமும் உணர்கிறோம். மணமகன் பிறந்த பங்கு நகரில் இருக்கும். குடியேறும் வீடு மேற்கே எங்கோ இருக்கும். வீடு மாறியவர்கள் அட்டையை மாற்றுவதில்லை. அத்தாயாரின் இடர் அங்கேதான் தொடங்கியது.

அவருக்காகப் பேச ஒரு மன்ற உறுப்பினர் இருந்திருந்தால் நம்மிடம் வந்திருக்கவே மாட்டார். 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்; இடையே 38 ஆண்டுகள்! அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமற்போயிற்று. அதிகாரிகள் உழைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாற்றலாகிச் செல்லும் அதிகாரிக்கு நம் தெருவின் பெயர் தெரியுமா? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி இந்தியாவுடன் இணைவதா என வாக்களித்த 178 பேரில் பேரவை உறுப்பினர்களோடு நகர, கொம்யூன் மன்றத்தாரும் இருந்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்யத் தகுதியுடையதாயிருந்த மன்றம், இன்று தெருவிளக்கைப் பற்றிப் பேசவும் இல்லாதிருப்பது நமக்கு வருத்தம் தருகிறது.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என அரசு அறிவித்தது. கணக்கெடுப்பவரிடம் சொந்த ஊரின் முகவரியைப் பெருமையாகச் சொல்லாமல், குடியிருக்கும் வீட்டையே சொல்லுங்கள். நம் பங்கில் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் ஒரு மேசை போட எண்ணியுள்ளோம். குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் கொண்டுவந்தால், படித்த இளைஞர் சிலர் முகவரியைச் சரிபார்த்துத் திருத்த மனு எழுதித் தருவர்.

அத்தாயாரின் வீடு, அவர் இரண்டாவதாகச் சென்ற அலுவலகத்தின் எல்லையில்தான் இருக்கிறது என்று முடிவில் தெரிந்தது. அட்டையை மாற்ற மனு எழுதிக் கொடுத்துள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை நாமும் உடன் செல்கிறோம்.