உம்மாவும் படத்தில் இருக்கட்டும்

நுவரெலியா போய்வந்த குடும்பப் படங்களைப் பாருங்கள். வாப்பா இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். கமராவைப் பிடித்த உம்மா மட்டும் இருக்கமாட்டார். இக்குறை தீர சிறிய முக்காலி ஒன்று போதும்.

மடித்தால் அது பயணப் பைக்குள் அடங்க வேண்டும். எடை 1 கிலோவுக்குள் இருப்பது நல்லது. பெரும்பாலான கமராக்களின் அடித்துளைக்குக் கால் அங்குலத் திருகாணி பொருந்தும். கடையிலேயே கால்களை முழுதாக விரித்து, கமராவைப் பூட்டி, மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே நிற்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும். காற்றடித்தால் கால்களையும் பதித்து வையுங்கள்.

பிறகென்ன? கமராவில் 10 விநாடி நேரம் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே போய் நில்லுங்கள். நாளை பேரப்பிள்ளைகள் உங்கள் முகத்தையும் தேடுவார்கள் அல்லவா?