காபிப் பழத்தோலில் அடுப்பு எரியுமா?

“போடி, குரங்கணிப் பக்கம் 2 ஏக்கரில் காபி இருக்கிறது. வீட்டில் சாண எரிவாயுக் கலன் உண்டு. பல்பரில் கழியும் பழத்தோலை அதில் கொட்டியதும் வாயு நிறைய வந்தது; ஆனால், தீ பிடிக்கவில்லை. கலன் கெட்டுவிட்டதா?”
- வாசகர், போடிநாயக்கனூர்.

கலன் கெடவில்லை, உள்ளே புளித்துவிட்டது. தோலில் சர்க்கரை அதிகம். அதை அமிலமாக்கும் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளோ மெதுவாகத்தான் வளரும்; புளிப்பு ஏறினால் முடங்கிவிடும். அப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது.

தோல் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். நன்றாக எரியும் வேறொரு கலனிலிருந்து சில குடம் சாணக் கழிவை வாங்கி ஊற்றி, நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பி.ஹெச். தாள் 7-ஐ ஒட்டிக் காட்டும்வரை பொறுமை தேவை. மலைக்குளிரில் வாரக்கணக்கில்கூட ஆகும். பிறகு தினமும் 50 கிலோ சாணத்துக்கு 5 கிலோ தோல் போதும். அதையும் நசுக்கிக் கரைத்தே ஊற்ற வேண்டும். முழுத்தோல் மிதந்து ஆடை கட்டிவிடும்.

100 கிலோ பழத்தில் ஏறக்குறைய 40 கிலோ தோல் கழியும். அத்தனையையும் வீட்டுக் கலன் தாங்காது. மீதியைச் சாணம் சேர்த்துக் குழியில் மட்க வைக்கலாம்.

பல்பிங் தண்ணீரை மட்டும் ஓடையில் விடவே கூடாது. அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீன்கள் செத்து மிதக்கும். அந்த ஓடைகள் போய்ச் சேருவது கொட்டக்குடி ஆற்றில். தண்ணீரைக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கூடுதல் விவரங்களுக்கு, திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்தை நேரில் அணுகலாம்.