தாயின் கையெழுத்து போதாது

ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருக்கிறார் ஒரு பெண். வந்தது பரிசோதனைக்கு மட்டும். லேப்ராஸ்கோப் வழியாக வயிற்றுக்குள் பார்த்த டாக்டருக்கு நோய் முற்றியிருப்பது தெரிகிறது. உதவி டாக்டர் வெளியே வருகிறார். காத்திருக்கும் தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் அகற்றப்படுகின்றன. மகளுக்கு அது தெரிய வந்தது பிறகுதான்.

டெல்லியில் 1995 மே மாதம் நடந்தது இது. அந்தப் பெண்ணுக்கு வயது 44, மணமாகாதவர். கட்டணத்தைத் தர மறுத்து தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். டாக்டர் தரப்பின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல: நோய் இருந்தது உண்மை, இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கும் சிரமத்தையும் செலவையும் தவிர்த்தோம், தாயே சம்மதித்தார். 2003இல் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் பெஞ்ச் அதை மாற்றியது.

தீர்ப்பின் சாரம் இந்தியக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகவே ஒலிக்கும். வயது வந்த, சுயநினைவுள்ள ஒருவரின் உடல் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு மட்டுமே. மயக்க மருந்தால் சில மணி நேரம் நினைவு தப்பியிருப்பதால் அந்த உரிமை தாயிடம் போய்விடாது. விழிக்கும்வரை காத்திருக்கலாம் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. ஒரு சிகிச்சைக்குத் தந்தது இன்னொன்றுக்கு ஆகாது. சம்மதம் இல்லாமல் கத்தி வைப்பது, எவ்வளவு திறமையாக வைத்தாலும், சட்டத்தின் பார்வையில் உடல் மீதான அத்துமீறல். மனைவிக்குக் கணவனிடமும் மாமியாருக்கு மருமகனிடமும் கையெழுத்து வாங்கிப் பழகிய ஆஸ்பத்திரிகள் இதை இன்னும் முழுமையாக ஜீரணித்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு உண்டு. உயிரையோ உடல்நலத்தையோ காப்பாற்ற அப்போதே செய்தாக வேண்டும், தாமதிப்பது நியாயமற்றது என்ற நிலையில் டாக்டர் கூடுதல் சிகிச்சை செய்யலாம். ‘தேவை’க்கும் ‘வசதி’க்கும் உள்ள கோடு எங்கே என்பதற்கு நீதிமன்றம் கனடாவின் இரண்டு பழைய வழக்குகளை எடுத்துக்கொண்டது. 1933 வழக்கில், குடலிறக்க அறுவையின்போது நோயுற்ற விரை தென்பட, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அதை எடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. 1949 வழக்கில், சிசேரியன் செய்த டாக்டர் கர்ப்பப்பையில் கட்டிகளைக் கண்டு, அடுத்த பிரசவம் ஆபத்தாகலாம் என்று கருக்குழாய்களைக் கட்டிவிட்டார். அவர் செய்தது தவறு. அடுத்த பிரசவம் அன்றைக்கே நடக்கப் போவதில்லை. டெல்லி டாக்டர் இரண்டாமவரின் வரிசையில் வந்தார்.

நினைவின்றி, துணைக்கு ஆளின்றிக் கொண்டுவரப்படும் விபத்து நோயாளியின் கதை வேறு. அங்கே சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அவர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சிகிச்சைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பாதுகாப்புத் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30ஆம் பிரிவு. போலீஸ் வரட்டும் என்று காத்திருப்பதும் கூடாது என 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்மதம் வாங்கும் முன் என்ன சொல்ல வேண்டும்? சிகிச்சை எப்படிப்பட்டது, எதற்காக, என்ன பலன், மாற்று வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும். அரிதான ஆபத்துகளையெல்லாம் அடுக்கி நோயாளியைப் பயமுறுத்த வேண்டாம். எவ்வளவு சொல்வது என்பதில் அமெரிக்காவின் கடுமையான அளவுகோலை நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் புரியாது என்றது. காரணம் விவாதத்துக்குரியது. புரியாதவருக்குத்தானே அதிகம் விளக்க வேண்டும்? எந்த நாட்டு வழிமுறையை நம் நீதிமன்றம் பின்பற்றியதோ, அந்த பிரிட்டனே 2015இல் அதைக் கைவிட்டு நோயாளியின் பக்கம் நகர்ந்துவிட்டது.

வார்டில் இந்தச் சட்டமெல்லாம் கடைசியில் வந்து சேர்வது நர்ஸின் கையில். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு அச்சிட்ட ஆங்கிலப் படிவத்தில் பெருக்கல் குறி போட்டு, “இங்கே கையெழுத்துப் போடுங்கம்மா” என்று நீட்டுபவர் அவர்தான். கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருக்கிறதா என்பதே வழக்கில் எழும் கேள்வி. நோயாளி “எதுக்கு இது?” என்று கேட்டால், டாக்டரை அழைத்து விளக்கச் சொல்லும் வரை படிவத்தை வாங்காமல் இருப்பதே நர்ஸுக்கும் பாதுகாப்பு. பரிசோதனையில் நோய் தெரிந்தால் கையோடு சிகிச்சையும் செய்யலாம் என்று முன்கூட்டியே சம்மதம் வாங்கவும் தீர்ப்பு இடம் தருகிறது. எந்த உறுப்பு, எந்த அறுவை என்று சொல்லி வாங்க வேண்டும்.

டெல்லிப் பெண் 25 லட்ச ரூபாய் கேட்டிருந்தார். டாக்டரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்காத நீதிமன்றம், அறுவைக் கட்டணத்தை அவர் பெற முடியாது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பதின்மூன்று ஆண்டு அலைச்சலுக்கு அது ஈடாகாது. ஆனால் அவர் வழக்கு இல்லையென்றால், படிவத்தில் இருந்த ஒரு வரி, வெளியே நின்ற ஒரு உறவினர் போதும் என்ற வழக்கத்தை இந்திய நீதிமன்றம் இவ்வளவு தெளிவாக நிராகரித்திருக்காது.

அந்தப் படிவம் சிகிச்சை ஆவணங்களில் ஒன்று. 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களை டாக்டர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.