கை தைத்த அணை

ஒரு பொருளை வாங்குவதற்குப் பணம் போதும். அதனை ஆக்குவதற்கோ அறிவும் கையும் ஒருங்கே வேண்டும். வீட்டு மரப்பலகைக்கு ஒரு பஞ்சணை தைப்பது சிறிய செயலே. ஆயினும் அச்சிறு செயலுக்குள் கணக்கும் அறிவியலும் வரலாறும் அறமும் அடங்கியிருக்கின்றன. கைத்தொழிலுக்கும் கல்விக்கும் உள்ள உறவை அவ்வணையின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை.

களைத்தவர்க்கு ஓர் இருக்கை

பண்டைத் தமிழகத்தில் வீரமுரசு தெய்வத்தன்மை உடையதாகப் போற்றப்பட்டது. முரசினை நீராட்டுவதற்காக எடுத்துச்சென்றிருந்த வேளையில், அது வீற்றிருக்கும் கட்டிலின்மேல் மெல்லிய பூக்கள் பரப்பப்பட்டிருந்தன. வழிநடந்த களைப்போடு வந்த புலவர் மோசிகீரனார், அது முரசுகட்டில் என்பதை அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். அது வாளால் தண்டிக்கத்தக்க பிழை. ஆயினும் அதனைக் கண்ட சேர மன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்கவில்லை. புலவர் விழிக்கும்வரை கவரி கொண்டு வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாடல் இந்நிகழ்வின் சான்றாக நிற்கிறது.

மன்னனின் தமிழ்ப்பற்றை விளக்கவே இந்நிகழ்வு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதில் மற்றொரு செய்தியும் உண்டு. களைத்த உடல் மென்மையான இடத்தைத் தேடும். அவ்விடத்தை அதற்குத் தருவதே பண்பு. அரண்மனையில் நிகழ்ந்த அச்செயலைச் சிறிய அளவில் எந்த வீட்டிலும் நிகழ்த்தலாம்.

பல வீடுகளின் முன்னறையிலோ தாழ்வாரத்திலோ மரப்பலகை இருக்கை ஒன்று கிடக்கும். மூட்டு நோவுடைய பாட்டி அதில்தான் அமர்வார். வேலை முடித்து வரும் தந்தையும், விருந்தினரும் அதில்தான் அமர்வர். வெறும் பலகையில் அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளின்மேல் இறங்குகிறது. முதுமையில் தசை மெலிவதால் அந்த அழுத்தம் இன்னும் கூடுகிறது. அணை செய்வது, அந்த எடையை அகன்ற பரப்பில் பகிர்ந்துவிடுவதே. ஆகவே இருக்கைக்கு அணை என்பது ஆடம்பரம் அன்று. அமர்பவர்க்குச் செய்யும் தொண்டு.

இலவம் தரும் மென்மை

'இலவு காத்த கிளி' என்பது தமிழர் வழக்கில் ஏமாற்றத்திற்கு உவமை. காய் கனியாகும் எனக் காத்திருந்த கிளிக்குக் கிடைத்தது வெடித்துப் பறக்கும் பஞ்சு. கிளிக்கு ஏமாற்றமாய் முடிந்த அதுவே மனிதனுக்கு மெத்தையாயிற்று.

செந்நிறப் பூப் பூக்கும் இலவமரம் இந்நாட்டுக்குரியது. இன்று மெத்தைக்கும் தலையணைக்கும் மிகுதியாகப் பயன்படும் பஞ்சைத் தருவது வெண்பூ இலவம். அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளரும் மரம் அது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் வட்டாரம் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்றது. கோடையில் முற்றிய காய்களைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்து, விதையை நீக்கிப் பஞ்சைப் பிரித்தெடுக்கின்றனர்.

இப்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற நுண்குழாய். அதன் பெரும்பகுதி காற்றே. இழையின்மேல் இயற்கையான மெழுகுப்பூச்சு இருப்பதால் நீர் எளிதில் உட்புகுவதில்லை. இந்த இரு பண்புகளால்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல் மாலுமிகளின் உயிர்காப்பு மேலாடைகளில் இலவம்பஞ்சு அடைக்கப்பட்டது. இழை வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் பருத்தியைப்போல் எளிதில் நூலாக நூற்க இயலாது. ஆடையாகாத அப்பஞ்சு அணையாக இடம்பெற்றது. இயற்கையில் ஒன்றுக்குத் தகுதியற்றது மற்றொன்றுக்குத் தகுதியுடையதாகும் என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

அளவும் தையலும்

120 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகைக்கு 8 சென்டிமீட்டர் உயரமுள்ள அணை தைப்பதாகக் கொள்வோர், முதலில் துணியை நீரில் நனைத்து உலர்த்துவர். நனைக்காமல் வெட்டிய பருத்தித்துணி, முதல் சலவையிலேயே சுருங்கி அணையைக் கோணலாக்கிவிடும். தையலுக்காக ஒவ்வொரு விளிம்பிலும் ஒன்றரை சென்டிமீட்டர் விடவேண்டும். எனவே மேற்பகுதியும் அடிப்பகுதியும் 123க்கு 43 சென்டிமீட்டர் அளவில் அமையும். நான்கு பக்கத்தையும் சுற்றிவரும் பட்டையின் நீளம் 323 சென்டிமீட்டர். அகலம் 11 சென்டிமீட்டர். செவ்வகத்தின் சுற்றளவு என்று கணக்குப் பாடத்தில் படித்தது இங்கே துணியாகிக் கைக்கு வருகிறது. கணக்கில் பிழைத்தால் மதிப்பெண் குறையும். இங்கே பிழைத்தால் துணியே குறையும். ஆகவே கத்தரிக்கோலை எடுக்குமுன் இருமுறை அளப்பவரே தேர்ந்தவர்.

பஞ்சை நேராக வெளியுறைக்குள் அடைப்பது தவறு. இழைகள் துணியின் இடுக்குகள் வழியே கசியும். உறையைத் துவைக்கவும் இயலாது. நெருக்கமாக நெய்த பருத்தித்துணியில் உள்ளுறை ஒன்று தனியே வேண்டும். அதனை வெளியுறையைவிட நீள அகலங்களில் ஒரு சென்டிமீட்டர் பெரிதாகத் தைத்தால், உள்ளுறை வெளியுறையை நிறைத்து நிற்கும், சுருக்கம் விழாது. ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டு, முதலில் மூலைகளையும் பின்னர் நடுப்பகுதியையும் நிரப்பவேண்டும். எவ்வளவு பஞ்சு என்பதற்கு எடையைவிடக் கையே நல்ல அளவுகோல்: உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி மெல்ல மேலெழ வேண்டும், அடியிலுள்ள பலகை கைக்குத் தட்டுப்படலாகாது. நிரப்பியபின், பஞ்சு ஓரிடத்தில் திரளாதிருக்க, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நீண்ட ஊசியால் மேலிருந்து அடிவரை வலுவான நூலைக் கோத்து முடிச்சிட வேண்டும். பழைய மெத்தைகளில் வரிசையாகத் தெரியும் குழிகள் அழகுக்காக மட்டும் இடப்பட்டவை அல்ல. பஞ்சை இடம்பெயராமல் காப்பவை அவையே.

வெளியுறைக்குப் புதுத்துணிதான் வேண்டும் என்பதில்லை. நைந்துபோன ஜமக்காளத்தின் கிழியாத பகுதியும் இரண்டாம் வாழ்வு பெறலாம். பின்புறத்தில் நாடாவோ ஜிப்போ வைத்தால் உறையைக் கழற்றித் துவைக்கலாம்.

ஓராண்டின் இரு நிகழ்வுகள்

1937ஆம் ஆண்டு ஜெர்மனியின் லெவர்குசென் நகரில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளின் ஆய்வில் வெற்றிகண்டனர். பின்னாளில் உலகெங்கும் மெத்தைகளிலும் இருக்கைகளிலும் நிறைந்த நுரைமெத்தை இதிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழிலை நடுவாகக் கொண்டு மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க, ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

இந்த இரண்டில் முதலாவது வீடுதோறும் நுழைந்தது. இரண்டாவது வகுப்பறையில் நிலைக்கவில்லை. நுரைமெத்தையைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது. அது மலிவானது, எவ்வடிவிலும் வெட்டத்தக்கது, மருத்துவமனைப் படுக்கை முதல் பேருந்து இருக்கை வரை பயன்படுவது. ஆனால் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து பெரிதும் ஆக்கப்படும் அது, நாளடைவில் மஞ்சளித்து உதிரும்போது மறுபடி உருக்கி வார்க்க இயலாதது, குப்பைமேட்டையே அடைகிறது. பஞ்சணையோ தட்டையாகிவிட்டால், தையலைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, உதறி, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்து மீண்டும் தைக்கப்படுகிறது. பஞ்சடிக்கும் வில்லோடு தெருத்தெருவாக வந்தவர்கள் செய்தது அவ்வேலையே. பழுதானதை எறியும் பழக்கம் பெருகியபோது, பழுது நீக்கும் தொழிலாளரின் பிழைப்பும் சுருங்கியது.

ஆகவே கேள்வி பஞ்சா நுரையா என்பதன்று. தம் வீட்டிலுள்ள ஒரு பொருள் எதனால் ஆனது, எவ்வாறு ஆக்கப்பட்டது, பழுதானால் எவ்வாறு திருத்துவது என்பவற்றை அறிந்தவராக இளைஞர் வளரவேண்டுமா, அறியாதவராக வளரவேண்டுமா என்பதே கேள்வி.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. கடையில் சில நிமிடங்களில் கிடைப்பதற்கு இரண்டு நாள் செலவிடுவது வீண் என்பது முதல் மறுப்பு. வயிற்றுப்பாட்டுக்கே நேரம் போதாதவர்க்கு அது உண்மையே; அவர்கள் வாங்குவதில் குறையேதும் இல்லை. ஆனால் நேரம் இருந்தும் கையை மறந்தவர்க்கு அது விடையாகாது. தைத்து அறிந்தவரே தையற்காரரின் கூலியில் பேரம் பேசத் தயங்குவர். தன் விரலில் ஊசி குத்திய பின்னரே பிறர் உழைப்பின் விலை விளங்குகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. வீட்டில் செய்வது என்றாலே அது பெண்கள் தலையில் சுமத்தப்படும் கூலியற்ற வேலையாகிவிடுகிறது என்பர். சமையலும் துப்புரவும் அவ்வாறே சுமத்தப்பட்டுள்ளன என்பதை மறுக்க இயலாது. கையால் ஆக்குவதன் பெருமையைப் பேசிக்கொண்டே அந்தக் கையை ஒரு பாலார்க்கு மட்டும் உரியதாக்குவது பொய்ம்மை. ஊசிக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. வீட்டின் மகனும் மகளும் சேர்ந்து அளந்து, வெட்டி, தைத்தாலன்றி அவ்வணைக்கு அறத்தின் பெயர் பொருந்தாது.

பஞ்சின் குறைகளையும் மறைக்கலாகாது. இலவம்பஞ்சு எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் அணையை வைத்தல் கூடாது. நிரப்பும்போது பறக்கும் நுண்ணிழைகள் மூச்சுக்குத் தீங்கு. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது வெயில் காட்டவேண்டும். ஒரு பொருளின் நிறையைப் போலவே குறையையும் அறிந்து கையாள்வதுதான் கல்வி.

பள்ளியின் பொறுப்பு

பதினெட்டு வயதுக்குள் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் பிறர் பயன்படுத்தும் பொருள் ஒன்றையாவது தம் கையால் செய்திருக்க வேண்டும். கண்காட்சியில் ஒருநாள் வைத்துவிட்டு மறக்கும் பொருளாக அது இருத்தல் கூடாது; நாள்தோறும் எடையைத் தாங்கி, தன் குறையைத் தானே காட்டும் பொருளாக இருக்கவேண்டும். மதிப்பெண் தாளில் பிழை ஒருமுறை சுழிக்கப்பட்டு மறைகிறது. தளர்வாகத் தைத்த மூலையோ ஒவ்வொரு நாளும் கண்முன் இருந்து, அடுத்தமுறை நன்றாகத் தைக்கச் சொல்கிறது.

மாலையில் பாட்டி வந்து அந்த அணையில் அமர்கிறார். தையல் சற்றே கோணியிருக்கலாம். ஒரு முனை மற்றொன்றைவிடப் பருத்திருக்கலாம். அவர் கால் நீட்டி, முதுகு சாய்த்து, வழக்கத்தைவிடச் சிறிது நேரம் கூடுதலாக அங்கேயே இருந்துவிடுகிறார் என்றால், தைத்தவர்க்கு அதுவே தேர்ச்சி.