பூ வண்டியில் வழிகாட்டி போன்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

கேள்வி: "கொள்ளிடத்துக்கு வடக்கே எங்கள் ஊர். அரை ஏக்கரில் குண்டுமல்லி இருக்கிறது. மகன் விடியற்காலையில் எக்ஸ்.எல். வண்டியில் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறான். இப்போது முகூர்த்த நாட்களில் திருச்சிக்குள் இருக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் நேரடியாகக் கொடுக்கிறான். மண்டபத்துக்கு வழி தெரியாததால் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறான். போன மாதம் வேகத்தடையைக் கவனிக்காமல் விழுந்து முழங்கையில் நல்ல அடி. வண்டியில் மாட்டுகிற வழிகாட்டிக் கருவி ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா? எது நல்லது?"
– மண்ணச்சநல்லூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: தனிக் கருவி தேவையில்லை. கையில் இருக்கும் போனே போதும். அதோடு சில நூறு ரூபாயில் கிடைக்கும் உறுதியான உலோக ஹோல்டர் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் ஹோல்டர் வாங்கிவிட்டாலே ஆபத்து நீங்கிவிடாது. கையில் இருந்த போன் ஹேண்டில்பாருக்கு மாறினாலும், கண் அதிலேயே இருந்தால் விழுவது விழுவதுதான். வழியைக் காதால் கேட்க வேண்டும், கண் சாலையில் இருக்க வேண்டும். இதற்கு ஏற்றபடி போனை மாட்டுவதும் பழக்குவதும்தான் முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. போனை இரண்டு விநாடி பார்த்தால் 22 மீட்டர் போய்விடும். குண்டுமல்லிக்குச் செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு 17 செடிகளைத் தாண்டுவதற்குச் சமம். வேகத்தடை, பள்ளம், குறுக்கே வரும் மாடு எல்லாம் அந்த 22 மீட்டருக்குள்தான் இருக்கும்.

எதை வாங்குவது?

வழிகாட்டுவதற்கென்றே தனியாக விற்கும் ஜி.பி.எஸ். கருவிகள் உண்டு. மழை, தூசி, அதிர்வு தாங்கும். ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். நீண்ட தூரம் சுற்றுலா போகிறவர்களுக்கு அது சரி. புதிய வண்டிகள் சிலவற்றில் போனோடு புளூடூத்தில் இணைந்து, வேகமானி இருக்கும் இடத்திலேயே அம்புக்குறி காட்டும் வசதி வருகிறது. அடுத்த வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போனில் கூகுள் மேப்பே போதும். அதில் இருசக்கர வாகனத்துக்கான தனி வழி 2017 டிசம்பரில் முதன்முதலாக இந்தியாவில்தான் வந்தது. 2018 முதல் தமிழிலும் பேசி வழி சொல்கிறது. போனின் மேப் அமைப்புகளில் குரல் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹோல்டரில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நான்கு மூலையிலும் பிடிக்கும் உலோகக் கைகள். ஸ்பிரிங் மட்டும் இருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர் வெயிலில் இளகி, பள்ளத்தில் போனைக் கக்கிவிடும். இரண்டு, போனைத் தொடும் இடங்களில் எல்லாம் ரப்பர். மூன்று, அதிர்வைத் தாங்கும் ரப்பர் குஷன். ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்திருக்கிறது. மொபெட், ஸ்கூட்டரில் மாட்டினாலும் அதிர்வு குறைக்கும் ஹோல்டர் போடுவது நல்லது என்பது அவர்களின் ஆலோசனை. விலை உயர்ந்த கேமரா போனை வண்டியில் மாட்டாமல் இருப்பதே மேல்.

எங்கே மாட்டுவது?

எக்ஸ்.எல். போன்ற வண்டியில் ஹேண்டில்பார் வெளியே தெரிவதால் அதிலேயே மாட்டலாம். ஹேண்டில்பாருக்கு மூடி போட்ட ஸ்கூட்டரில் கண்ணாடித் தண்டின் அடியில் மாட்டும் ஹோல்டர் வாங்க வேண்டும். சில வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். தெரியாமல் பலமாகத் திருகினால் மரை போய்விடும்.

மாட்டும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை இறுக்கினால் வழுக்காது, அதிர்வும் கொஞ்சம் குறையும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட வேண்டும். மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனைகள்:

1. ஹேண்டிலை இடப்பக்கமும் வலப்பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் எதுவும் ஹோல்டரில் இடிக்கவோ இழுபடவோ கூடாது.

2. முன்னால் பூ மூட்டையை வைத்து மறுபடியும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் சரியாக இருந்த ஹோல்டர், மூட்டை ஏறியதும் அதில் முட்டும். திருப்பத்தில் ஹேண்டில் சிக்கினால் வண்டி கவிழும்.

3. வேகமானி, எரிபொருள் முள், இண்டிகேட்டர் விளக்கு மூன்றும் மறையக் கூடாது.

4. தலையைக் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தினால் திரை தெரிய வேண்டும். பெட்ரோல் டேங்க் மேலோ மூட்டைக்குப் பின்னாலோ வைத்தால் குனிந்தே ஆக வேண்டியிருக்கும்.

5. வாரம் ஒருமுறை டயருக்குக் காற்று பிடிக்கும்போது ஹோல்டர் நட்டையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

மகன் போகும் நேரம் இருட்டு. இருட்டில் பளீரென்று எரியும் திரையைப் பார்த்த கண்ணுக்குச் சாலை உடனே தெரியாது. மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். மேப்பைக் கறுப்பு நிறப் பின்னணிக்கு மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும்.

போனை ஹெல்மெட்டுக்குள் செருகும் பழக்கமும் பலருக்கு உண்டு. அது கன்னத்தில் இறுகிப் பட்டையைச் சரியாகப் போட விடாது. விழும்போது ஹெல்மெட் கழன்றுவிடும். இரண்டு காதையும் அடைக்கும் இயர்போனும் கூடாது. பின்னால் வரும் லாரியின் ஒலி கேட்காமல் போகும். ஹோல்டரில் இருக்கும் போனின் ஒலியை முழுதாக வைத்து மெதுவாக ஓட்டினால் குரல் கேட்கும். கேட்கவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஹோல்டரில் வைத்துக் குரல் கேட்டு ஓட்டுவது அந்த வகையில் அடங்கும். ஓடும் வண்டியில் மண்டபத்துக்காரருக்கு மெசேஜ் அனுப்புவது அடங்காது.

மேப்புக்குத் தெரியாதவை

மண்ணச்சநல்லூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடப் பாலம், திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம். நகருக்குள் போக மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சிந்தாமணி. இரண்டு ஆற்றையும் பாலத்தில்தான் கடக்க வேண்டும். பாலம் அடைபட்டால் எந்தச் சந்தும் உதவாது.

1976-இல் திறந்த காவிரிப் பாலம் 2022 கடைசியில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தது. கொள்ளிடத்தில் 1928-ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்குப் பதிலாக 2016-இல் புதிய பாலம் வந்தது. பழைய பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. இப்படிப்பட்ட மாற்றங்கள் யாராவது தெரிவித்த பிறகுதான் மேப்பில் ஏறும். ஆற்றில் தண்ணீர் அதிகம் வரும் நாட்களில் புறப்படும் முன் டோல்கேட் பக்கம் கடை வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மேப்பைவிட நம்பகமானது.

ஸ்ரீரங்கத்தில் தேரோட்ட நாட்களில் சித்திரை வீதி, உத்திர வீதி பக்கம் வண்டி போகாது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஊர் முழுவதும் போக்குவரத்து மாறும். பூவுக்கு நல்ல விலை கிடைப்பதும் அந்த நாட்களில்தான். முதல் நாளே மார்க்கெட்டில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இருசக்கர வழியில் இன்னொரு சிக்கல். தூரம் குறைவு என்று வாய்க்கால் கரையைக்கூட மேப் காட்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்த பிறகு, அல்லது மழைக்காலத்தில், கரை மண் ஊறி இருக்கும். மூட்டையோடு இருட்டில் அதில் இறங்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் தார்ச்சாலையே நல்லது.

போன் காட்டும் இடத்தில் திறந்த வெளியில்கூட 5 மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும். அதனால் நெடுஞ்சாலையில் இருக்கிறோமா, பக்கத்துச் சர்வீஸ் சாலையில் இருக்கிறோமா என்று அதற்குப் பல சமயம் தெரியாது. சஞ்சீவி நகர், பால்பண்ணை போன்ற சந்திப்புகளில் குரல் சொல்கிறதே என்று சட்டென்று திரும்பக் கூடாது. திருப்பத்தைத் தவறவிட்டால் நேராகப் போய்விட வேண்டும். மேப் புது வழி போட்டுத் தரும். அதிகம் போனால் ஐந்து நிமிடம் தாமதம்.

இது சம்பந்தமாக வந்த மற்ற கேள்விகள்

"சிம் இல்லாத பழைய போன் வழி காட்டுமா?"

காட்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞையை வாங்க சிம்மோ நெட்டோ தேவையில்லை. சாலைப் படத்துக்குத்தான் நெட் வேண்டும். வீட்டில் வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியின் படத்தை மேப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெரிசல் எங்கே என்பது மட்டும் தெரியாது. வண்டிக்கென்று ஒரு பழைய போனை ஒதுக்கிவிட்டால், ஓட்டும்போது அழைப்பும் மெசேஜும் தொல்லை தராது.

"வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜ் போடலாமா?"

போடலாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் 10 வாட் எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது பிரச்சினை இல்லை. நிறுத்திய வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தால் சிறிய பேட்டரி இறங்கிவிடும். அதனால் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், ஃப்யூஸ் வைத்து, மெக்கானிக்கிடம் இணைக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாமல் வயரைச் சீவி முறுக்கினால் உரசி, சூடாகித் தீப்பிடிக்கலாம். அரைமணி, ஒருமணிப் பயணத்துக்கு வீட்டில் முழுதாகச் சார்ஜ் போட்ட போனே போதும்.

"வெயிலில் போன் அணைந்துவிடுகிறதே?"

பல போன்கள் 35 டிகிரி வரையிலான சூட்டுக்குத்தான் செய்யப்பட்டவை. திருச்சிக் கோடையில் அது காலை பத்து மணிக்கே வந்துவிடும். சூடானால் போன் தானே வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும், கடைசியில் அணையும். மூடிய பிளாஸ்டிக் உறையை மழையில் மட்டும் போட வேண்டும். பகலில் சார்ஜ் போட்டபடி ஓட்டாமல் இருந்தால் சூடு குறையும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பிய இடம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

அந்த இடத்தை மேப்பில் திறந்து விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் முதல் எண் 10.7 அல்லது 10.8 என்றும், இரண்டாவது 78.6 அல்லது 78.7 என்றும் தொடங்கும். வேறு மாதிரி இருந்தால் அதே பெயருள்ள வேறு ஊராக இருக்கலாம். புத்தூர் என்ற பெயர் திருச்சி நகருக்குள்ளும் உண்டு, வேறு மாவட்டங்களிலும் உண்டு.

புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே செய்ய வேண்டியவை நான்கு: மண்டபத்தின் இடத்தைப் போட்டு முழு வழியையும் ஒருமுறை பார்ப்பது, குரலைச் சோதிப்பது, போனை ஹோல்டரில் இறுக்குவது, ஹெல்மெட் பட்டையைப் பூட்டுவது. வழியில் குழப்பம் வந்தால் ஓரங்கட்டி, காலை ஊன்றி, அதன்பிறகு திரையைத் தொட வேண்டும். மார்க்கெட்டில் இறங்கியதும் போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு முன், பூ இல்லாத ஒரு பகலில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீரங்கம் போய்வந்தால், குரல் கேட்டு ஓட்டுவது அவருக்குப் பழகிவிடும்.